முடிச்சை அவிழ்த்துவிட்டு அடுத்த முடிச்சு: மறுமணம் பற்றி வாசகியர் கேள்விகள்

மறுமணம் குறித்த சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். ‘செய்துகொள்ளலாமா?’ என்று கேட்டவர்கள் குறைவு. ‘எப்படிச் செய்தால் பின்னால் வம்பு வராது?’ என்றுதான் பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஊர், பெயர் எல்லாம் நீக்கி, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரும் மணவாழ்க்கை ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

வயது 41. 19 வயதில் வீட்டில் பார்த்துக் கட்டிவைத்தார்கள். குடியும் அடியும்தான். மூன்று வருஷத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடி, 20 ரூபாய் பத்திரத்தில் ‘இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை’ என்று எழுதித் தீர்த்துவிட்டார்கள். பிறகு கோயிலில் ஒருவரை மணந்து 12 வருஷம் நிம்மதியாக வாழ்ந்தேன். ஒரு மகன். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். வீட்டில் பங்கு கேட்டால், ‘உன் முதல் புருஷன் உயிரோட இருக்கான், நீ எங்க அண்ணன் பொண்டாட்டியே இல்ல’ என்கிறார்கள் கொழுந்தனார்கள். இப்போது என்னோடு வேலை பார்ப்பவர் கல்யாணம் பேசுகிறார். முதலில் நான் எதைச் செய்ய வேண்டும்?

உங்கள் கொழுந்தனார்கள் பேச்சில் பாதி சட்டம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம், 1955 வந்த பிறகு, கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கையில், அந்தத் திருமணம் முறைப்படி கலையாமல் நடக்கும் அடுத்த திருமணம் செல்லாது. ஊர்ப் பெரியவர்கள் எழுதிய ‘விடுதலைப் பத்திரம்’ நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. 20 ரூபாய்க்குப் பதில் 100 ரூபாய் பத்திரம் வாங்கினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும் அதன் பலம் கூடாது.

மறுபாதியை அவர்கள் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கப்படியான மணவிலக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அறுத்துக் கட்டுவது, தீர்த்து விடுவது என்று நம் பக்கத்துப் பல சமூகங்களில் இது சாதாரணம். மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடம் ‘துரும்பு கொடுத்தல்’ என்றாலே விவாகரத்து என்று அர்த்தம் இருந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘எங்கள் ஆட்களில் இது உண்டு’ என்று வாயால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். அங்கேதான் பெரும்பாலான வழக்குகள் கவிழ்கின்றன. கொண்டுவருவது பத்திரம் ஒன்றை மட்டும்தான். அந்தப் பத்திரம் உங்கள் ஒருவர் கதையைச் சொல்லுமே தவிர, சமூகத்தின் வழக்கத்தைச் சொல்லாது. தேவைப்படுவது இவை: கூட்டத்தில் உட்கார்ந்த பெரியவர்களில் உயிரோடு இருப்பவர்களின் சாட்சியம், அதே முறையில் பிரிந்து மறுமணம் செய்து இன்றும் ஊரில் வாழும் வேறு சில தம்பதிகளின் விவரம், ஊர்க் கூட்டத்து நோட்டு இருந்தால் அதன் பக்கங்கள். பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் பெயர், முகவரி, அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதை இந்த வாரமே எழுதி வையுங்கள்.

இனி வரிசை. இதில் தவறினால் சொத்து போய்விடும். புதுக் கல்யாணத்துக்காக முதல் கணவர் மேல் அவசரமாக விவாகரத்து மனு போடச் சிலர் யோசனை சொல்வார்கள். போடாதீர்கள். அந்த மனுவில் ‘முதல் திருமணம் இன்றும் நடப்பில் இருக்கிறது’ என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்தத் தாளையே கொழுந்தனார்கள் பாகப்பிரிவினை வழக்கில் காட்டுவார்கள். முதலில் போட வேண்டியது, இன்ன தேதியில் வழக்கப்படி மணவிலக்கு ஆகிவிட்டது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு. குடும்ப நல நீதிமன்றத்தில் போடலாம். அது இல்லாத இடத்தில் உரிமையியல் நீதிமன்றம். ஜெயித்தால் இரண்டாவது கணவரின் சட்டப்படியான மனைவி நீங்கள். தோற்றால் மட்டும் முதல் கணவரோடு சேர்ந்து 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு. அவரும் வேறு கல்யாணம் செய்திருந்தால், அந்தத் தீர்ப்பு உங்களைவிட அவருக்கு அவசரமாகத் தேவை. இதைப் பேச்சில் எடுத்துச் சொல்லுங்கள்.

மகன் விஷயத்தில் கவலை வேண்டாம். திருமணமே செல்லாது என்று தீர்ப்பானாலும், 16ஆம் பிரிவின்படி அவன் சட்டப்படியான பிள்ளை. தகப்பனாரின் சொந்தச் சொத்தில் வாரிசு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனாருக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவனுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பாக வழக்கில் மகனையும் வாதியாகச் சேருங்கள். மைனர் என்றால் அவன் சார்பில் நீங்கள் கையெழுத்திடலாம்.

வருகிறவரிடம் இரண்டு திருமணங்களையும் தேதியோடு சொல்லிவிடுங்கள். முந்தைய திருமணம் நடப்பில் இருக்க அடுத்தது செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 82ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. மறைத்துச் செய்தால் 10 ஆண்டு வரை. வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தொலைபேசி 15100.

ஒருவர் எத்தனை முறை கல்யாணம் செய்யலாம் என்று சட்டத்தில் கணக்கு உண்டா? இது எனக்கு மூன்றாவது. பதிவு அலுவலகத்தில் கேலி செய்வார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

கணக்கு கிடையாது. கல்யாண நாளில் உயிரோடு இருக்கும் துணை இல்லை என்றால் போதும். படிவத்தில் கேட்பது மணமாகாதவரா, துணையை இழந்தவரா, மணவிலக்குப் பெற்றவரா என்பதுதான். எத்தனையாவது என்ற கட்டமே இல்லை. கடைசித் திருமணம் முடிவுக்கு வந்ததற்கான சான்றை (தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ்) வைத்தால் போதும். அதற்கு முந்தைய தீர்ப்பின் நகலையும் பையில் வைத்திருங்கள், கேட்டால் மட்டும் எடுங்கள்.

கணவர் வெளிநாட்டில். வழக்குக்கு ஒரு தடவைகூட வரவில்லை. ஒருதலைப்பட்சமாக எனக்குத் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் முகூர்த்தம் பார்க்கலாமா?

வேண்டாம். மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் அது 30 நாள். இந்து திருமணச் சட்டத்தில் 2003 திருத்தத்துக்குப் பிறகு 90 நாள். எது பொருந்தும் என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட 90 என்றே வைத்துக்கொள்வது மேல். சான்றிட்ட நகல் எடுக்க ஆன நாட்கள் எதிர்த்தரப்பின் காலக்கெடுவில் சேராது. எனவே நடைமுறையில் நான்கு மாதம்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பில் இன்னொரு ஓட்டை உண்டு. ‘எனக்குச் சம்மனே வரவில்லை’ என்று அவர் வந்தால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அது ஒரு வருஷம் கழித்துக்கூட நடக்கும். வழக்குக் கோப்பில், சம்மன் அவரிடம் எப்படிச் சேர்ப்பிக்கப்பட்டது என்று வக்கீலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை இருந்தால் நிம்மதி. அவர் துபாயில் இருக்க, சம்மன் மாமனார் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருந்தால் அது பலவீனம். அப்படியானால் அவருடைய மின்னஞ்சலுக்கும் வாட்ஸாப்புக்கும் தீர்ப்பு நகலை அனுப்பி, அனுப்பிய தேதி தெரியும்படி பதிவு எடுத்து வையுங்கள். ‘தெரியாது’ என்ற வாதத்துக்கு அன்றிலிருந்து கடிகாரம் ஓடும். உயர் நீதிமன்றத்தில் ஒரு கேவியட் மனு போட்டால், அவர் மேல்முறையீடு செய்தால் உங்களைக் கேட்காமல் தடை வாங்க முடியாது. கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள். தேவைப்பட்டால் மறுபடி போட வேண்டும்.

பரஸ்பர சம்மதத் தீர்ப்பு என்றால் இந்தத் தலைவலி இல்லை. குடும்ப நல நீதிமன்றத்தின் சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடே கிடையாது.

அப்பா இனிஷியல் ‘எஸ்’. முதல் கல்யாணத்தில் ‘கே’ ஆனேன். விவாகரத்துக்குப் பிறகு மறுபடி ‘எஸ்’. இப்போது வருகிறவர் ‘ஆர்’ போடச் சொல்கிறார். ஆதார் ஒன்று, வங்கி ஒன்று, பட்டா ஒன்று என்று கிடக்கிறது. நான் யார் என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பவர்தான் நீங்கள். திருமணத்தால் பெண் தன் பெயரையோ இனிஷியலையோ மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றாமல் இருப்பதே எங்கள் கட்சி. எத்தனை திருமணம் ஆனாலும் பான் அட்டையில் இருப்பது அப்பா பெயர்தான். அங்கே கை வைக்கவே வேண்டாம். ஆதாரில் கணவர் பெயர் கட்டாயமில்லை. பாஸ்போர்ட்டில் துணைவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதில் மட்டும் மாற்றம் கேளுங்கள், உங்கள் பெயரைத் தொடாதீர்கள்.

சிக்கல் வருவது பத்திரப் பதிவில். நம் ஊர் கிரயப் பத்திரங்களில் பெண் பெயருக்குப் பின்னால் ‘க/பெ’ என்று அன்றைய கணவர் பெயரை எழுதிவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்து விற்கப் போனால், ‘இந்த க/பெ யார்? நீங்கள்தானா இது?’ என்று வாங்குகிறவரின் வங்கி நிறுத்திவைக்கும். ஒரே நபர் சான்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். இனி எழுதும் எந்தப் பத்திரத்திலும் ‘த/பெ’ என்று அப்பா பெயரையே போடச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் ‘வழக்கம் இல்லையே’ என்பார். வழக்கம்தான் இல்லை, தடை இல்லை. பழைய பத்திரத்து நிலத்தை விற்கும்போது, முந்தைய கணவர் பெயரோடு குறிப்பிடப்பட்டவரும் நீங்களும் ஒருவரே என்று பத்திரத்திலேயே ஒரு வரி, தீர்ப்பு எண்ணோடு.

ரேஷன் அட்டையில் இன்னொரு வேடிக்கை. பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்க ஆன்லைனில் போனால், ஓடிபி முன்னாள் கணவர் கைப்பேசிக்குப் போகும். அவர் சொல்ல மாட்டார். தீர்ப்பு நகலோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு கொடுங்கள்.

கணவர் விபத்தில் இறந்தபோது வீடு என் பேரிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார் பேரிலும் வந்தது. மாமியார் தன் பங்கை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மறுமணம் செய்தால் வீட்டைத் திருப்பித் தர வேண்டுமா? எனக்குப் பிறகு அது யாருக்குப் போகும்?

திருப்பித் தர வேண்டியதில்லை. விதவை மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்தை இழப்பாள் என்பது 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டத்தில் இருந்த விதி. மறுமணத்தை அனுமதித்த கையோடு அதற்கு விலையும் வைத்த சட்டம் அது, 1983இல் நீக்கப்பட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், நீங்கள், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு சம பங்கு. உங்கள் கால் பங்கு முழு உரிமையானது. மாமியார் பதிவுப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த கால் பங்கும் அப்படியே. வாய்ச் சொல்லாகவோ வெள்ளைத்தாளிலோ கொடுத்திருந்தால் அது செல்லாது. அவர் இருக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம், அதைப் பலர் கேட்பதே இல்லை. உயில் எழுதாமல் நீங்கள் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி உங்கள் சொத்து உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் (எந்தத் திருமணத்துப் பிள்ளை என்ற பேதமில்லை), அன்றைக்கு இருக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். அதாவது முதல் கணவர் கட்டிய வீட்டில் இரண்டாவது கணவரும் பங்குதாரர். இரண்டாம் திருமணத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், உங்கள் பாதி வீடு நான்காகப் பிரியும். முதல் கணவர் வழிச் சொத்து அவர் வாரிசுகளுக்கே திரும்பும் என்ற விதி, உங்களுக்குப் பிள்ளைகளே இல்லாவிட்டால் மட்டும்தான் பொருந்தும்.

வீடு முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கே என்று நினைத்தால், மறுமணத்துக்கு முன்பே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள், உயிலில் பயன் பெறாதவர்களாகவும் உங்களைவிட இளையவர்களாகவும் இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. வருங்காலக் கணவருக்கு இதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள். முகம் சுளித்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

கையோடு பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்குகளில் நாமினி பெயரையும் பாருங்கள். விவாகரத்தானாலும் பழைய கணவர் பெயர் அங்கிருந்து தானாக அழியாது.

முதல் கணவர் இறந்துவிட்டார். இரண்டாவது கணவர் என் மகளைத் தன் மகளாகவே வளர்க்கிறார். பள்ளியில் ‘மாற்றாந்தந்தை’ என்று எழுத வேண்டும் என்கிறார்கள். குழந்தை அழுகிறாள்.

தேவையில்லை. இதே போன்ற வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆவணங்களில் மாற்றாந்தந்தை என்று காட்டச் சொல்வது கொடுமையானது, குழந்தையின் மனதைப் பாதிக்கும் என்று கண்டித்தது. தந்தை இல்லாத நிலையில் குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றும் சொன்னது. ‘பாதுகாவலர்’ கட்டத்தில் அவர் பெயரை எழுதலாம். தந்தை கட்டத்திலேயே வர வேண்டுமென்றால் முறையான தத்து. தத்தெடுப்புக்கான மத்திய அரசின் கேரிங்ஸ் இணையதளத்தில் நீங்களும் கணவரும் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியரின் உத்தரவு பெறுவது. உங்களுக்கு இறப்புச் சான்றிதழ் போதும். முன்னாள் கணவர் உயிரோடு இருப்பவர்களுக்கு அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் முட்டும். மறுமணம் செய்த ஒரே காரணத்துக்காகக் குழந்தையை உங்களிடமிருந்து பிரிக்க முடியாது, இதுவும் உச்ச நீதிமன்றம் சொன்னதே. மறுமணத்தோடு நிற்பது உங்கள் மாத ஜீவனாம்சம் மட்டும். குழந்தைக்கு வரும் தொகை நிற்காது.

வயது 56. இரண்டு முறை வாழ்க்கை அமைந்து கலைந்தது. இரண்டாவது கணவரின் மில் வேலைக்கான பி.எஃப். பென்ஷன் எனக்கு வருகிறது. இப்போது ஒருவரோடு மனசு ஒத்துப்போகிறது. கல்யாணம் செய்தால் பென்ஷன் போய்விடும் என்பதால் சும்மா சேர்ந்து வாழலாமா?

போய்விடும் என்பது உண்மை. 1995 பென்ஷன் திட்டத்தில் மனைவிக்கான பென்ஷன் மறுமணம் வரைதான். அதன்பின் 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போகும். வருடாந்தர ஆயுள் சான்றிதழில் மறுமணம் ஆகவில்லை என்று உறுதி சொல்கிறீர்கள். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அப்படி உறுதி சொன்னால், பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. ஆனால் இரண்டு படகில் கால் வைக்கும் நிலை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டுமானால் அது ‘திருமணம் போன்ற உறவு’ என்று காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் வகுத்தது: இருவரும் மணம் செய்யத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும், ஊருக்குக் கணவன் மனைவி போலத் தெரிய வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்கு அப்படித் தெரிந்தால் பென்ஷன் அலுவலகத்துக்கும் அப்படியே தெரியும். இதைத் தவிர, அவர் இறந்தால் அவர் சொத்தில் உங்களுக்கு எதுவும் தானாக வராது. உயிலும் நாமினியும்தான் வழி. பென்ஷன் எவ்வளவு என்று எழுதவில்லை. குறைந்தபட்சமான 1,000 ரூபாயை ஒட்டியது என்றால், அதற்காக இந்த நிலையற்ற தன்மை தேவையா என்று யோசியுங்கள். மத்திய அரசு ஊழியரின் மனைவிக்கு விதி வேறு: பிள்ளை இல்லாதவர் மறுமணம் செய்தாலும், வருமான வரம்புக்குள் குடும்ப ஓய்வூதியம் தொடரும்.

ஜமாஅத்தில் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழ் வாங்கிவிட்டேன். போதுமா?

போதாது. அப்படிப்பட்ட சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்துள்ளது. மறுமணத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். கத்தோலிக்க வாசகியரும் கவனிக்க: திருச்சபை நீதிமன்றம் திருமணத்தை ரத்து செய்தது கோயிலில் மறுமணம் செய்ய உதவும், அரசுக் கணக்கில் விவாகரத்துத் தீர்ப்பு தனியாக வேண்டும். இரண்டும் இருந்தால்தான் வேலை முடியும்.

முதலாவது பெற்றோர் முடிவு, இரண்டாவது என் அவசரம். மூன்றாவது தடவை இது அன்பா, தனிமைப் பயமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் பேசுவதை விட்டுவிட்டு அவர் செய்வதைப் பாருங்கள். நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் நடுவே ஆறு மாதமாவது இடைவெளி வையுங்கள். அந்த ஆறு மாதமும் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது, கடன் ஜாமீன் கையெழுத்தும் கூடாது. முன்னாள் மனைவியைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். முழுத் தவறும் அவள் மேல் என்றால், நாளை அந்த இடத்தில் நீங்கள். அவருடைய விவாகரத்துத் தீர்ப்பு நகலை வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வைத்து ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலையைப் பார்க்கலாம். நகல் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பிறகு சில்லறை விஷயங்கள். சம்பளம் வரும் கணக்கின் ஏடிஎம் அட்டை யார் பையில் இருக்கும்? உங்கள் அம்மா வந்தால் எத்தனை நாள் தங்கலாம்? ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோழி வீட்டுக்குத் தனியாகப் போனால்? ஒருமுறை அவர் கேட்கும் ஏதாவது ஒன்றுக்கு ‘முடியாது’ என்று சொல்லிப் பாருங்கள், பெரிய விஷயம் வேண்டாம், ஒரு சினிமாவுக்குப் போதும். மறுநாள் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதில் நிறையத் தெரியும். அவர் இல்லாத நாட்களில் நீங்கள் வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போகிறீர்களா என்பதையும் கவனியுங்கள். போகிறீர்கள் என்றால் பயம் அவ்வளவு இல்லை.

விதவை மறுமணத்துக்கு அரசு உதவி உண்டாமே?

டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம். தாலிக்கு 8 கிராம் தங்கம். அதோடு 25,000 ரூபாய், பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவருக்கு 50,000. வருமான வரம்பு இல்லை. திருமணமான 6 மாதத்துக்குள் சமூக நல அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். மணமகளுக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும், மணமகன் 40க்குக் கீழ். 42 வயதுப் பெண் 45 வயதுக்காரரைக் கட்டினால் ஒன்றும் கிடையாது. ஏன் என்று அரசைத்தான் கேட்க வேண்டும். திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள்.

பழைய தாலியை என்ன செய்வது? மாமியார் திருப்பிக் கேட்கிறார்.

அது உங்கள் சீதனம். கணவர் இறந்தாலும் பிரிந்தாலும் உங்களுடையது. வைத்திருப்பதா, மகளுக்கு வளையலாக்குவதா என்பது உங்கள் விருப்பம். உருக்கக் கொடுத்தால் கயிறு, மணி, குண்டுக்குள் இருக்கும் அரக்கு எல்லாம் நீக்கித்தான் எடை போடுவார்கள். நீக்குவதற்கு முன்னும் பின்னும் எடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். புதிதாக வாங்கும் நகையில் ஹால்மார்க் எண் பார்த்து, ரசீது உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். அப்பா இனிஷியலோடு.